பூவா தலையா: கான்ஸ்டன்டைன் காசு

ரோமானிய வரலாறு படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம். அந்தக் காலத்து ஆசாமிகள் எழுதி வச்சதை நம்புறதுக்கு முன்னாடி காசைத் திருப்பிப் பார்த்துடுவேன். ராஜா பெயரால அடிச்ச காசு, பின்னாடி வந்தவங்க திருத்தி எழுத முடியாது பாருங்க.

கான்ஸ்டன்டைன் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 312ல் மில்வியன் பாலத்துச் சண்டை, வானத்தில் சிலுவை, வெற்றி, மனமாற்றம். சரி, அடுத்த வருஷம் என்ன காசு அடிச்சார்? வட இத்தாலியில் டிசினம் (இன்றைய பவியா) நாணயச்சாலையில் ஒரு தங்கப் பதக்கம். ஒன்பது சாலிடஸ் எடை, கிட்டத்தட்ட 40 கிராம். நம்ம கணக்குல அஞ்சு பவுன்! அதில் ராஜா தனியா இல்லை. ஒட்டினாற்போலக் கதிர்முடி சூடிய சூரிய தேவன் சோல். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, ஒரே பார்வை. போதாக்குறைக்கு ராஜாவின் கேடயத்தில் சூரியனின் தேர். சிலுவையை மருந்துக்கும் காணோம். (பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கு, போறவங்க பார்த்துட்டு வாங்க.)

அதோடு நிக்கலை. 'துணைவனான வெல்லமுடியாத சூரியனுக்கு' என்ற வாசகத்தோட காசுகள் வந்துகிட்டே இருந்தன. சூரியன் தங்கத்திலிருந்து இறங்க ஏறக்குறைய 325 ஆயிடுச்சு, அதாவது நிசேயா சங்கம் கூடின வருஷம்.

அப்போ மனமாற்றம் பொய்யா? நான் அப்படி நினைக்கலை. தங்கம் யார் கைக்குப் போச்சுன்னு பார்க்கணும். ராணுவத்துக்கும் அதிகாரிகளுக்கும் வெகுமதியாப் போச்சு. அந்தச் சிப்பாய்களில் பலருக்குச் சூரியன்தான் சாமி. சம்பளம் வாங்குறவனோட சாமியை ஒரே நாளில் அழிக்கிற அளவுக்கு மனுஷர் அசடு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவர் 337ல் செத்ததும் மகன்கள் அடிச்ச காசுதான். தலைப்பக்கம் முக்காடு போட்ட முகம், 'டிவஸ்', அதாவது தெய்வமாகிவிட்டவர்னு பட்டம். மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் வாங்கினவருக்கு, பழைய ரோமானியச் சாமிப் பட்டம்! திருப்பினா நாலு குதிரை பூட்டின தேரில் மேலே போறார், பழைய சூரியத் தேர் மாதிரியே. ஆனா இந்தத் தடவை வானத்திலிருந்து ஒரு கை மட்டும் நீளுது, அவரைத் தூக்கிக்கொள்ள. பிஷப் யூசிபியஸ் இந்தக் காசைப் பற்றிப் பெருமையா எழுதியிருக்கார்.

அந்தக் கைக்கு முகம் கிடைக்க இன்னும் முந்நூத்துச் சொச்சம் வருஷம் ஆச்சு. 690களில் இரண்டாம் ஜஸ்டினியன் தன் பொற்காசின் தலைப்பக்கத்தில் இயேசு முகத்தைப் போட்டுட்டு, தான் பின்பக்கம் போய் நின்னுகிட்டார்.