பயர்பொக்ஸில் தமிழ் வாசித்த காலம்: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. வரலாறு படிப்பிக்கிற ஆட்கள் என்பதால், கம்பியூட்டர் கதையைக்கூட ஆண்டு போட்டுச் சொன்னால்தான் எங்களுக்குத் திருப்தி. பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை விடுமுறையில், எங்களோடு முன்பு படிப்பித்து ஓய்வுபெற்ற ஸேர் ஒருவர் அலவத்துகொடைக்கு வந்து ஓர் இறுவட்டைத் தந்துவிட்டுப் போனார். 2000களில் கண்டி நெட் கபேக்களில் இருந்து அவர் சேமித்த தமிழ் இணையப் பக்கங்கள். இலங்கை முஸ்லிம்கள் பற்றியும் மலையகம் பற்றியும் நிறையக் கட்டுரைகள். அவற்றை வெளியிட்ட தளங்கள் பல இன்று இல்லை. ஆசையோடு புதிய கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்தும் விநோதமான குறிகளும்தான். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

ஏன் இப்படி? யுனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். ஆனால் வின்டோஸில் அது வேலை செய்யத் தொடங்கியது வின்டோஸ் 2000 வந்த பிறகுதான். அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, தளத்துக்கொரு எழுத்துரு. நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்தது பாமினி. அதில் 'அம்மா' என்று அடித்தால், கம்பியூட்டர் உள்ளே சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தையும்தான். பாமினி எழுத்துரு இருந்தால் அம்மா தெரிவார். இல்லாவிட்டால் அந்த ஐந்து குறிகளும் மட்டும்தான். 1999இல் டிஸ்கி, டாப், டாம் என்று பொதுக் குறியீடுகள் வந்தன. அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

சில தளங்கள் எழுத்துருவைத் தாமே அனுப்பிவைத்தன. ஆனால் அந்த ஏற்பாடு பெரும்பாலும் மைக்ரோசொப்ட் எக்ஸ்புளோரருக்கு மட்டுமே பொருந்தியது. 2004 நவம்பர் 9ஆம் திகதி பயர்பொக்ஸ் 1.0 வெளியானபோது, அதற்கு மாறிய தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பக்கங்கள் குப்பையாகத் தெரிந்தன.

அந்த இடைவெளியை நிரப்பியவை நீட்சிகள். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னஞ்சிறு மென்பொருள்கள். 'பத்மா' என்ற நீட்சி முதலில் தெலுங்குக்காக உருவானது. பிறகு தமிழ் முதலான மொழிகளுக்கும் விரிந்தது. பழைய எழுத்துருவில் இருக்கும் பக்கத்தை அது யுனிகோட்டாக மாற்றிக் காட்டும். 'தமிழ்விசை' என்ற நீட்சி பிரவுசருக்குள்ளேயே தமிழ் தட்டச்சுச் செய்ய உதவியது. இவற்றைச் செய்தவர்கள் பெரும் கம்பனிகள் அல்லர். ஓய்வு நேரத்தில், காசு வாங்காமல் செய்த தனிமனிதர்கள்.

சிக்கல் பதிப்பு எண்ணில் வந்தது. ஒவ்வொரு நீட்சிக்குள்ளும் ஒரு சிறிய கோப்பு இருக்கும். பயர்பொக்ஸின் எந்தப் பதிப்பு வரை இது செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2008 ஜூனில் பயர்பொக்ஸ் 3 வந்ததும், 2 வரை என்று எழுதியிருந்த நீட்சிகள் எல்லாம் நின்றுபோயின. செய்தவருக்கு நேரம் இல்லாவிட்டால் நம் பாடு திண்டாட்டம்.

அப்போது ஒரு கைவைத்தியம் பரவியது. நீட்சி என்பது உண்மையில் ஒரு ஸிப் கோப்பு. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பதிப்பு எண்ணைக் கூட்டி எழுதி, மறுபடி பொதி செய்வது. நாங்களும் லெப்பில் உட்கார்ந்து செய்திருக்கிறோம். சில நேரம் வேலை செய்யும்; சில நேரம் பிரவுசரே திறக்காது. மாணவனை அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டால் மட்டும் பாடம் தெரிந்துவிடுமா? அதே கதைதான். எண்ணை மாற்றினால் பூட்டுத்தான் திறக்கும், உள்ளே இருக்கும் நிரல் மாறாது.

2011இல் நிலைமை இன்னும் மோசமானது. அந்த ஒரே வருடத்தில் 4 முதல் 9 வரை ஆறு பதிப்புகள்! இது சரிவராது என்று மொஸில்லாவுக்கே விளங்கியது. 2012 ஜனவரியில் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து பெரும்பாலான பழைய நீட்சிகளைத் தடுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் 2017 நவம்பர் 14இல் 57ஆம் பதிப்பு வந்தது. பழைய வகை நீட்சிகள் அத்தனைக்கும் அன்றோடு முற்றுப்புள்ளி. காரணம் நியாயமானதுதான். பழைய நீட்சிகள் பிரவுசரின் உள் உறுப்புகள் வரை கை வைக்கக்கூடியவை. அதனால் வேகமும் பாதுகாப்பும் கெட்டன, பிரவுசரைத் திருத்தி அமைப்பதும் கடினமானது. புதிய முறை குரோம் பிரவுசரின் முறையை ஒட்டியது. எண்ணை மாற்றினால் போதாது, நீட்சியையே திரும்ப எழுத வேண்டும். 2018இல் மொஸில்லா தன் தளத்திலிருந்தும் பழைய நீட்சிகளை அகற்றியது.

சரி, இறுவட்டு என்ன ஆனது?

லெப்பின் மூலையில் தூசி படிந்த ஒரு பழைய கம்பியூட்டர் கிடந்தது. பயர்பொக்ஸ் 3, அதில் பத்மா. பாதுகாப்பு இல்லாத பழைய பிரவுசர் என்பதால் நெட் வயரைக் கழற்றிவிட்டு இறுவட்டைப் போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், தமிழ் வந்தது! எல்லாப் பக்கமும் அல்ல, பெரும்பாலானவை. மாறி வந்ததை அப்படியே கொப்பி பண்ணி, யுனிகோட் கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் எடுத்தோம். மூன்று நாள் வேலை. இப்போது எந்தப் போனிலும் வாசிக்கலாம்.

இதில் நாங்கள் படித்தது ஒன்றுதான். நீட்சி ஒரு பாலம். பாலத்தைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்துக்கொண்டே அதன்மேல் குடியிருக்க முடியாது. அது நிற்கும்போதே சாமானை அக்கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரம் 2008இலேயே நம் நாட்டில் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் யுனிகோட்டை ஏற்றது. ஆனாலும் நாம் இன்னும் வினாத்தாளையும் பள்ளிவாசல் அறிவித்தலையும் பாமினியில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவோ, படிப்பித்த ஸேரோ சேமித்து வைத்த பழைய இறுவட்டு, பழைய கம்பியூட்டர் வீட்டில் இருந்தால் இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் திறந்து பாருங்கள். விளங்காத எழுத்து வந்தால் குப்பை என்று அழித்துவிடவும் வேண்டாம். அதற்குள்ளே தமிழ் இருக்கலாம்.