விட்டுப்போன 28 லட்சம் பெயர்கள்

தேர்தல் என்றதும் பிரசாரமும் விரலில் வைக்கும் மையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கெல்லாம் முன்பே முடிய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதுதான் வாக்காளர் பட்டியல்.

வெள்ளையர் ஆட்சியில் சொத்தோ, வரியோ, படிப்போ இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. சுதந்திரத்துக்குப் பின் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் ஓட்டு என்றானது. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர் பட்டியலில் இருந்தனர்.

இதில் ஒரு சிக்கல். வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தங்கள் பெயரை வெளியாரிடம் சொல்லவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிவானது. சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். பெயரைத் திருத்திக்கொள்ள பீகாரில் ஒரு மாதம் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. அப்படியும் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்!

இன்று பெயர் சொல்லத் தயங்குவோர் இல்லை. ஆனால் வீடு மாறுவோர் ஏராளம். தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் பக்கம் பாருங்கள். வாடகைக்கு வருவோரும் காலி செய்து போவோரும் ஓய்வதே இல்லை. 2008 மறுசீரமைப்பில் உருவான சோழிங்கநல்லூர் தொகுதியில் 2021 தேர்தலின்போது 6 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தனர். இத்தனை பெயர்களையும் அலுவலர்கள் மட்டுமே சரிபார்த்துவிட முடியுமா?

அதனால்தான் வரைவுப் பட்டியலை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. குடியிருப்போர் நலச் சங்கத்தில் நாலு பேர் தங்கள் பூத்துக்குரிய பாகத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாலே இறந்தவர், இரட்டைப் பதிவு, விட்டுப்போனவர் எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் இங்கே கவனம் தேவை. வீடு பூட்டியிருந்தால் ஆள் ஊரைவிட்டே போய்விட்டார் என்று பொருளல்ல. இடம் மாறியவர் என்று ஒருவர் பெயரை நீக்குமுன் அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் ஓராண்டு வரை சிறை.

2025 டிசம்பர் 19ல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தக் காரணம் சரிதானா என்று எளிதில் சொல்லக்கூடியவர் யார்? அதே தெருக்காரர்தான்!

இறந்தவர் பெயர் பட்டியலில் இருந்தால் கள்ள ஓட்டுக்கு இடம் கிடைக்கும். உயிரோடிருப்பவர் பெயர் விட்டுப்போனால் அடையாள அட்டை கையில் இருந்தும் ஓட்டுப் போட முடியாது. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் புதிதாகச் சேர்க்கவும் வழியில்லை. எனவே பட்டியலைப் பார்க்க வேண்டிய நேரம் வரைவு வெளியாகும் நாள்தான். பார்க்கும்போது உங்கள் பெயரோடு பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.