இசைத்தட்டின் மறுபாதி

இசைத்தட்டில் பதிந்திருப்பது பாடகர் பாடிய ஒலி அப்படியே அல்ல. பேஸைக் குறைத்து, டிரெபிளைத் தூக்கி, தெரிந்தே கோணலாக்கிய ஒலியைத்தான் அதில் வெட்டியிருக்கிறார்கள். ஊசி அந்தப் பள்ளத்தை எவ்வளவு ஒழுங்காகப் படித்தாலும், அதை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற சன்னமான ஓசைதான் கேட்கும். அந்தக் கோணலை நிமிர்த்தும் வேலை ஃபோனோ பிரீ-ஆம்ப் என்ற சிறு பெட்டியுடையது. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ் தரும் 5 மில்லிவோல்ட் அளவிலான சிக்னலை நூறு மடங்கு பெருக்குவது அதன் பாதி வேலைதான். எனவே அந்தப் பெட்டியை இசைத்தட்டின் மறுபாதி என்றே சொல்லலாம். விலை மலிவான ஃபோனோ பிரீ-ஆம்பைத் திறந்து, சில உதிரிகளை மாற்றி, ஒலியைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேரூன்றி, பிறகு எங்கும் பரவியது. அதன் வரலாற்றைப் பார்த்தால், உண்மையில் பலன் தந்த மாற்றங்கள் எல்லாம் அந்த மறுபாதியைத் தட்டோடும் கார்ட்ரிட்ஜோடும் சரியாகப் பொருத்திய மாற்றங்கள் என்பது புரியும். உதிரியின் விலை மட்டுமே கொண்டுவந்த பலன் மிகக் குறைவு.

கோணலாக்கியதற்குக் காரணம் உண்டு. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்தது. பெல் ஆய்வகத்தில் மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையை விக்டர், கொலம்பியா கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. வெட்டும் ஊசியின் வேகத்தை மாற்றாமல் வைத்தால், சுருதி இறங்க இறங்க அதன் வீச்சு அகலமாகிக்கொண்டே போகும். அதிர்வெண் பாதியானால் வீச்சு இரண்டு மடங்கு. கீழ்ச் சுரங்களை அப்படியே விட்டால் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் பாய்ந்துவிடும். அதனால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே வீச்சை அடக்கினார்கள். மேல் முனையில் வேறு தொல்லை: தட்டின் மேற்பரப்பு எழுப்பும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். பதிவு செய்யும்போது டிரெபிளை உயர்த்தி, கேட்கும்போது அதே அளவு இறக்கினால் இசை பழைய நிலைக்கு வந்துவிடும், இரைச்சலும் கூடவே இறங்கிவிடும். அருமையான யோசனைதான். எங்கே தொடங்குவது, எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறுபட்டது. 1948இல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி. தட்டில் பேஸ் திருப்பம், அதாவது வீச்சை அடக்கத் தொடங்கும் இடம், 500 ஹெர்ட்ஸில் இருந்தது. டிரெபிளை 10 கிலோஹெர்ட்ஸில் 16 டெசிபல் இறக்க வேண்டும். 1951இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி பரிந்துரைத்த வளைகோட்டில் திருப்பம் 400 ஹெர்ட்ஸ், இறக்கம் 12 டெசிபல். இடையிலுள்ள 4 டெசிபல் சின்ன எண்ணாகத் தெரியலாம். வயலினைக் கதவைத் திறந்து வைத்துக் கேட்பதற்கும் சாத்திவிட்டுக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அந்த நாட்களில் நல்ல ஒலி வேண்டிய ஒவ்வொரு ரசிகரும் கட்டாயத்தின் பேரில் திருத்துபவராக இருந்தார். மெக்கின்டாஷ் சி-8 போன்ற பிரீ-ஆம்ப்களின் முகப்பில் பேஸுக்கும் டிரெபிளுக்கும் தனித்தனி சுவிட்ச் வரிசைகள் இருந்தன. எந்தக் கம்பெனித் தட்டுக்கு எந்த நிலை என்று அமெரிக்காவின் 'ஹை ஃபிடெலிட்டி' இதழ் அட்டவணை போட்டுக் கொடுத்தது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம், அதாவது ஆர்.ஐ.ஏ.ஏ., ஒரே வளைகோட்டை வகுத்ததும் இந்தச் சிக்கல் படிப்படியாகத் தீர்ந்தது. 3180, 318, 75 மைக்ரோ செகண்ட் என்ற மூன்று கால எண்கள்தான் அந்த வளைகோடு. 20 ஹெர்ட்ஸுக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையே பிரீ-ஆம்பின் பெருக்கம் ஏறக்குறைய 39 டெசிபல், அதாவது 90 மடங்கு வாக்கில், மாறியாக வேண்டும். அத்தனை பெரிய சரிவை நான்கைந்து ரெசிஸ்டர், கண்டன்சர்களே தாங்குகின்றன. முகப்பில் இருந்த சுவிட்சுகள் மறைந்தன. பொறுப்பு மட்டும் மறையவில்லை, பெட்டிக்குள் இருந்த உதிரிகளின் மேல் அது போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தவர்களின் கதை பெரும்பாலும் டைனகோவில் தொடங்குகிறது. டேவிட் ஹாஃப்ளர் பிலடெல்பியாவில் நடத்திய அந்த நிறுவனம், வீட்டிலேயே பற்றவைத்துக் கோத்துக்கொள்ளும் கிட்களாகத் தன் சாதனங்களை விற்றது. அதன் பி.ஏ.எஸ். வரிசை வால்வு பிரீ-ஆம்ப் எளிய குடும்பங்களுக்கும் எட்டியது. தானே கோத்த பெட்டியைத் திரும்பத் திறக்க யாருக்கும் கை கூசாது. பழைய செலினியம் ரெக்டிஃபயருக்குப் பதிலாக சிலிக்கன் டையோடு, பவர் சப்ளையில் பெரிய கண்டன்சர் என்று மாற்றங்கள் பெருகின. 1970இல் எட்வர்டு டெல் தொடங்கிய 'தி ஆடியோ அமெச்சூர்' இதழ் இவர்களுக்குப் பேச ஒரு மேடை கொடுத்தது. 1980இல் வால்ட் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் இருவரும் 'ஆடியோ' இதழில் கண்டன்சர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி இரண்டு பகுதிகளாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கண்டன்சரை வெறும் எண்ணாகப் பார்த்தவர்களுக்கு, அதன் உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருளும் முக்கியம் என்பதை அளந்து காட்டிய கட்டுரை அது. பின்னால் வந்த பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது விலையுயர்ந்த கண்டன்சரை மட்டும்தான், அளவிடும் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். இந்தப் பழக்கத்தின் வரலாற்றில் எனக்கு வருத்தம் தரும் திருப்பம் அதுவே.

அதற்கு முன்பே, 1970களில், வேறொரு பாதையும் திறந்திருந்தது. அட்வென்ட் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தார்: மேசைமேல் அளந்தால் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பிரீ-ஆம்ப்கள் காதுக்கு ஏன் வேறாகக் கேட்கின்றன? சோதனைக் கருவியை இணைத்து அளப்பது ஒன்று, உண்மையான கார்ட்ரிட்ஜை இணைத்துக் கேட்பது வேறு என்பது அவருக்குப் புலப்பட்டது. கார்ட்ரிட்ஜின் சுருளும் பிரீ-ஆம்பின் நுழைவாயிலும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. இந்தப் புரிதலோடு அவர் வடிவமைத்த ஃபோனோ பகுதி, 1970களின் நடுவில் வந்த அட்வென்ட் 300 என்ற எளிய விலை ரிசீவரில் அமர்ந்தது. பல மடங்கு விலைகொண்ட தனி பிரீ-ஆம்ப்களோடு ஒப்பிட்டு அதைப் பேசினார்கள். திரையரங்குகளுக்கு டி.எச்.எக்ஸ். தரத்தை உருவாக்கியவரும் இதே ஹோல்மன்தான். 1979இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். வளைகோட்டை உண்டாக்கும் உதிரிகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை, ஒன்றின் மதிப்பு மற்றொன்றின் கணக்கை நகர்த்திவிடுகிறது என்று காட்டி, சரியான சூத்திரங்களை எழுதி வைத்தார். பழக்கத்தில் இருந்த பல சுற்றுகள் வளைகோட்டிலிருந்து விலகியே இருந்தன என்பது அதில் வெளிப்பட்டது. இந்த இரண்டு பேரின் வேலையிலும் அரிய உதிரி எதுவும் கிடையாது.

ஹோல்மன் பார்த்ததைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மலிவான பிரீ-ஆம்பின் பலகையில், உள்ளீட்டு சாக்கெட்டை ஒட்டி, பருப்பு அளவில் ஒரு செராமிக் கண்டன்சர் நிற்கும். ரேடியோ அலைகள் உள்ளே நுழையாமல் தடுப்பது அதன் வேலை. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருளில் 500 மில்லிஹென்றி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயரும் அந்தக் கண்டன்சரும் சேர்ந்து 250 பிக்கோஃபாரட் என்றால், இரண்டும் 14 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒத்ததிர்கின்றன. அதுவே 500 பிக்கோஃபாரட் ஆனால் அந்த இடம் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, தாளத்தின் கிணுகிணுப்பு இருக்கும் பகுதிக்குள்ளேயே வந்துவிடும். 100 என்றால் 22 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிக் காதுக்கு அப்பால் போய்விடும். ஷூரின் வி-15 மூன்றாம் வகை 400 முதல் 500 பிக்கோஃபாரட்டை எதிர்பார்க்கிறது. ஆடியோ-டெக்னிகா கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 100 முதல் 200 போதும். ஒரே பெட்டி ஒருவர் வீட்டில் இனிமையாகவும் மற்றவர் வீட்டில் கூர்மையாகவும் கேட்பதில் மர்மம் எதுவும் இல்லை. கழற்றவோ மாற்றவோ சில ரூபாய் கூடச் செலவாகாத அந்தக் கண்டன்சரைவிட அதிகப் பலன் தரும் மாற்றம் ஒரு மலிவுப் பெட்டிக்குள் அபூர்வம்.

அடுத்தது ஹம். வளைகோட்டின்படி 50 ஹெர்ட்ஸில் பெருக்கம், 1 கிலோஹெர்ட்ஸில் இருப்பதைவிட 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, அதிகம். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். உள்ளே ஒரு துளி ஹம் கசிந்தாலும் பிரீ-ஆம்ப் அதை விருந்தாளியைப் போல உபசரித்து வளர்க்கும். அடாப்டரைத் தள்ளி வைப்பது, எர்த் வயரை ஒரே இடத்தில் சேர்ப்பது, பவர் சப்ளையில் நல்ல ரெகுலேட்டர் போடுவது எல்லாம் இதற்கான மருந்து. பிறகு வளைகோட்டு உதிரிகள்: 75 மைக்ரோ செகண்டைத் தீர்மானிக்கும் கண்டன்சரில் 10 சதவீதப் பிழை இருந்தால் டிரெபிள் முழுவதும் ஏறக்குறைய 0.8 டெசிபல் சாயும். வோல்டேஜுக்கு ஏற்ப மதிப்பு மாறும் ரக செராமிக்கை எடுத்துவிட்டு, அளந்து தேர்ந்த 1 சதவீத ஃபிலிம் கண்டன்சரைப் போட்டால் அந்தச் சாய்வு 0.1 டெசிபலுக்குள் அடங்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெருக்கும் வேலையைச் செய்யும் எட்டுக்கால் ஐ.சி.யை மட்டும் மாற்றி ஒலி வேறாகக் கேட்டதாகச் சொல்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அத்தனை காதுகளும் பொய் சொல்லுமா? சொல்லாது. டி.எல். 072 என்ற ஐ.சி.யின் இரைச்சல் அளவு 18 நானோவோல்ட், என்.இ. 5532-இல் 5 நானோவோல்ட். அமைதியான இடங்களில் இது உண்மையிலேயே கேட்கக்கூடும். ஆனால் வேகமான ஐ.சி.யைப் பழைய சாக்கெட்டில் செருகினால், பக்கத்தில் டிகப்ளிங் கண்டன்சர் இல்லாத இடத்தில், அது காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானே ஊசலாடத் தொடங்கும். அந்த ஊசலாட்டம் இசையின் மேல் படியும்போது வேறு ஒலி கேட்கத்தான் செய்யும். வேறு என்பதற்கும் சிறந்தது என்பதற்கும் நடுவில் நிற்பது அளவீடு. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸை இறக்கச் சொன்ன 1976ஆம் ஆண்டின் ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர அமைப்பின் திருத்தமும் இப்படித்தான். தட்டை வெட்டும்போது அதற்கு ஈடான ஏற்றம் கொடுப்பதில்லை என்பதால், அந்த இறக்கத்தைப் பெட்டியிலிருந்து நீக்குவோர் சொல்வதில் நியாயம் உண்டு. வளைந்த தட்டு சுழலும்போது ஸ்பீக்கரின் பேஸ் கூம்பு முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்தவர்கள் அதை வைத்துக்கொள்வதிலும் நியாயம் உண்டு. தட்டையும் டர்ன்டேபிளையும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இன்றைய மலிவுப் பெட்டிகள் வளைகோட்டைத் துல்லியமாகவே பின்பற்றுகின்றன, பிறகு எதற்கு மாற்றம் என்றும் கேட்கலாம். 1954க்குப் பிந்தைய தட்டுகளுக்கு அந்தக் கேள்வி பெருமளவு பொருந்தும். தமிழர் வீடுகளில் பாதுகாக்கப்படும் 78 ஆர்.பி.எம். தட்டுகளுக்குப் பொருந்தாது. 1944இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தின் பாடல்கள் அச்சானபோது ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு பிறக்கவே இல்லை. எச்.எம்.வி. வழக்கில் அக்காலத் தட்டுகளின் பேஸ் திருப்பம் பொதுவாக 250 ஹெர்ட்ஸ் வாக்கில், டிரெபிள் ஏற்றம் இல்லாமலே இருந்தது. அப்படிப்பட்ட தட்டை இன்றைய பெட்டியில் ஓட்டினால் 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் அநியாயமாக வெட்டுப்படும். குரலின் விளிம்பும் ஜாலராவின் துடிப்பும் இரைச்சலோடு சேர்ந்து புதைந்துபோகும். கேட்பவர் பழைய தட்டு அப்படித்தான் மந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். வளைகோட்டுச் சுற்றிலிருக்கும் சிறு கண்டன்சரை விலக்கவும் பேஸ் திருப்பத்தை நகர்த்தவும் ஒரு சுவிட்சும் ஓரிரு உதிரிகளும் போதும். 1950களின் தொடக்கத்தில் பிரீ-ஆம்ப் முகப்புகளில் இருந்த சுவிட்சுதான் அது. மலிவுப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு துளை போட்டு அதை மறுபடி பொருத்திக்கொள்ளலாம்.