பழைய அம்பாசடர் காரில் ஸ்டீயரிங், பிரேக் பழுதறிதல்

ஸ்டீயரிங், பிரேக் பழுதறிதல் என்பது, காரின் அறிகுறிகளைக் கொண்டு குறை எந்த உறுப்பில் உள்ளது என்று கண்டறியும் முறை. திருப்பும் அமைப்பும் நிறுத்தும் அமைப்பும் முன் சக்கரத்தில் ஒன்றுகூடுகின்றன. அதனால் ஒன்றின் குறை மற்றதன் குறையாகத் தோன்றுவது வழக்கம். ஸ்டீயரிங் இழுக்கிறது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டியில் கோளாறு பிரேக் டிரம்முக்குள் இருப்பதுண்டு. பிரேக் அடித்தால் ஆடுகிறது என்று வரும் வண்டியில் டை ராடு எண்ட் தேய்ந்திருப்பதும் உண்டு. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், குறை எந்தப் பக்கத்தது என்று பிரித்துக்கொள்வதே முதல் வேலை. வீட்டு முற்றத்தில், ஒரு துணையாளுடன் அதைச் செய்ய முடியும். இக்கட்டுரை அம்பாசடரை அடிப்படையாகவும், கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் வட்டாரத்தைச் சூழலாகவும் கொண்டது.

காரின் அமைப்பு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடரைத் தயாரித்தது. 1950-களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. இடையில் எஞ்சின்கள் மாறின. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா எனப் பெயர்களும் மாறின. அடிப்படைக் கட்டமைப்பு பெரிதாக மாறவில்லை.

இதன் ஸ்டீயரிங் ரேக்–பினியன் வகை. ஸ்டீயரிங் தண்டின் முனையிலுள்ள சிறு பல்சக்கரம், குறுக்கே கிடக்கும் பற்கள் வெட்டிய கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் இரு முனைகளிலிருந்தும் டை ராடுகள் சக்கரங்களுக்குச் செல்லும். முன் சஸ்பென்ஷனில் சுருள் வில்லுக்குப் பதில் முறுக்குத் தண்டுகள் உள்ளன. சக்கரம் திரும்பும் முளையின் மேல், கீழ் மூட்டுகளுக்குக் கிரீஸ் நிப்பிள் வழியே கிரீஸ் அடிக்க வேண்டும்.

பழைய மாடல்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். முன் டிரம்மில் இரண்டு ஷூக்களும் சுழற்சித் திசையில் கவ்வுமாறு, ஒவ்வொன்றுக்கும் தனி வீல் சிலிண்டர் வைக்கப்பட்டிருக்கும். முன்னோக்கி ஓடும்போது பிடிப்பு வலுவாகும். ரிவர்ஸில் அதே பிரேக் பலவீனமாக இருக்கும். சரிவான முற்றத்தில் பின்னோக்கி இறக்கும்போது பெடலைக் கூடுதலாக அழுத்த நேர்வது இதனால்தான்; அது பழுதல்ல. பிற்காலத்திய சில மாடல்களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது.

பழைய வண்டிகளில் பிரேக் ஆயில் ஒரே சுற்றாக ஓடும். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக் மட்டுமே. ஆகவே கைபிரேக்கைச் சரிபார்த்த பிறகே மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

வட்டாரச் சூழல்

நெய்யூர், கல்குளம் வட்டத்தில் தக்கலைக்கும் குளச்சலுக்கும் இடையில் உள்ள பேரூராட்சி. இரணியல் ரயில் நிலையமும், 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனரி சொசைட்டி தொடங்கிய மருத்துவமனையும் இங்கு உள்ளன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் பகுதி, கடலும் அருகிலேயே. காற்றின் ஈரமும் உப்பும் இரும்புக் குழாய்களையும் நட்டுகளையும் விரைவில் அரிக்கின்றன. தரைக்கு அடியில் ஓடும் பிரேக் பைப்புகளில் துரு முதலில் தாக்குவது, அவற்றைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புகளின் கீழேதான். மேலே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும், கிளிப்பை விலக்கினால் அடியில் குழாய் பொரிந்திருக்கக்கூடும்.

வீட்டுக்காரர் வளைகுடா நாட்டிலும் வண்டி ஷெட்டிலும் இருப்பது இம்மாவட்டத்தில் சாதாரணம். மாதக்கணக்கில் ஓடாத காரில் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் இறுகும். கைபிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்திய வண்டியில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் போட்டு, கைபிரேக்கை விடுவித்து வைப்பது நல்லது.

ஆய்வுக்கு முன்

ஜாக்கி என்பது ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை அவற்றின் மீது இறக்கிய பின்னரே கீழே பார்க்க வேண்டும். செங்கல், சிமெண்ட் பிளாக் திடீரென உடைந்துவிடும். மழை நனைத்த செம்மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். அடியில் தடித்த பலகை வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

அடுத்து டயர். நான்கின் காற்றழுத்தத்தையும் தேய்மானத்தையும் முதலில் பார்த்துவிட்டால், ஸ்டீயரிங் கனப்பது, ஒருபக்கம் இழுப்பது போன்ற புகார்களில் கணிசமானவை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டீயரிங் ஆய்வு

முன் சக்கரங்களை நேராக வைத்து, வண்டியைத் தரையில் நிற்கவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக மெல்ல அசைக்க வேண்டும். சக்கரம் திரும்பத் தொடங்கும் முன் விளிம்பு எவ்வளவு சும்மா நகர்கிறதோ அதுவே ‘ப்ளே’. ரேக்–பினியன் அமைப்பில் இது சிறிதாகவே இருக்க வேண்டும். மற்றவர் முன்பக்கம் குனிந்து டை ராடு எண்டுகளைப் பார்க்க வேண்டும். கம்பி நகர்ந்தும் மூட்டின் மறுபக்கம் நகரத் தாமதித்தால் அந்த எண்ட் தேய்ந்துவிட்டது. எண்டுகள் இறுக்கமாக இருந்து, ரேக் உறையே அசைந்தால் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்துள்ளது. இரண்டும் சரியாக இருந்தும் ப்ளே நீடித்தால் தேய்மானம் ரேக்குக்குள் இருக்கலாம். ரேக்கின் இரு முனைகளிலுமுள்ள ரப்பர் பெல்லோஸ் கிழிந்திருந்தால் உள்ளே உள்ள மசகு வெளியேறி, மணலும் நீரும் புகும்.

பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிவது பெரும்பாலும் டை ராடு, ரேக் பக்கத்துக் குறை. 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கோ, சக்கர முளையின் மூட்டுகளோ தேய்ந்துள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறியப் பிரேக்கே கருவியாகும். துணையாள் பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கும்போது ஷூக்கள் டிரம்மைத் தம்மோடு இறுக்கிக்கொள்ளும். அப்போது ஆட்டம் மறைந்தால் கோளாறு பேரிங்கில்; அப்படியே நீடித்தால் முளையின் மூட்டுகளில். பேரிங்கை அளவாக இறுக்கினால் சில நேரம் போதும். மூட்டு தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நின்றால், மூட்டுகளில் கிரீஸ் வற்றியிருக்கலாம். புதிய கிரீஸ் அடிக்கும்போது பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே பிதுங்கி வந்தால்தான் அது உள்ளே போய்ச் சேர்ந்தது என்று பொருள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங்கை முதலில் பார்க்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிரம் கோணியிருக்கலாம்.

பெடலின் அறிகுறிகள்

எஞ்சின் ஓடாத நிலையிலேயே பெடல் பல குறைகளைக் காட்டிவிடும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்துள்ளது.

முதல் மிதியில் பாதிக்குக் கீழே போய், இரண்டு மூன்று முறை அடித்தபின் உயர்ந்து நின்றால், லைனர் தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்டரை இறுக்கிப் பார்க்க வேண்டும். முன் டிரம்மில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர். ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான தவறு. சக்கரம் நின்றுபோகும் வரை இறுக்கி, பிறகு தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும்.

ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் திரும்பி வழிகிறது. பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால் கசிவு கண்ணில் படாது. கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு மறுநாள் காலை பார்ப்பது எளிய வழி. சக்கரங்களின் உட்பக்கத்தில் ஈரக்கறை தென்பட்டால் வீல் சிலிண்டர் கசிகிறது.

பெடல் கல்லாக நின்று வண்டி நிற்காவிட்டால், லைனரில் ஆயிலோ கிரீஸோ படிந்திருக்கலாம், லைனர் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்திருக்கலாம், பிஸ்டன் இறுகியிருக்கலாம். பூஸ்டர் பொருத்திய மாடலில் பூஸ்டரையும் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ அதன் வேக்யூம் குழாயோ வேலை செய்யவில்லை.

வண்டி ஒருபக்கம் இழுத்தல்

பிரேக் அடிக்காத போதே இழுத்தால் டயர், வீல் அலைன்மெண்ட், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். மூன்றாவதைக் கண்டறிய, சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான் இழுக்கும் சக்கரம்.

பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால், வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கப் பிரேக் கூடுதலாகப் பிடிக்கிறது. குறை அந்தப் பக்கத்தில்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; எதிர்ப்பக்க பிஸ்டன் இறுகிப் பிடிக்காமல் இருப்பதும் இதே விளைவைத் தரும். ஆகவே லைனரை எப்போதும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிடித்துக்கொண்ட சக்கரத்தில் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தினால், ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபடக்கூடும். அப்படியானால் குழாயில் அழுத்தம் தேங்கியுள்ளது. வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். விடுபடாவிட்டால் இறுக்கம் சிலிண்டரிலோ ஷூவிலோ கைபிரேக் கேபிளிலோ உள்ளது. நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரையும் பெடலின் மேல்முனை இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயிலும் காற்று எடுத்தலும்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தர விதிப்படி புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 140 டிகிரி. டாட் 4-க்கு இவை 230, 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது ஈரமான ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றும் வழக்கம் ஈரமான இப்பகுதிக்கு மிகவும் பொருந்தும். எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் கப்புகள் ஊதி, அமைப்பு முழுவதும் கெடும். பெயின்ட்டில் சிந்திய பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

காற்று எடுக்க, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்வழி மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது மரபு. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் அது பெரும்பாலும் பின் இடச் சக்கரம். பின் வலம், முன் இடம், முன் வலம் என்பன தொடரும். நிப்பிளில் நிறமற்ற குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்க வேண்டும். துணையாள் பெடலை அழுத்திப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போகும். இடையிடையே ஆயில் டப்பாவை நிரப்பாவிட்டால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

வீட்டில் செய்யத் தக்கவையும் தகாதவையும்

சோதனைகள், கிரீஸ் அடித்தல், அட்ஜஸ்டர் இறுக்குதல், ஆயில் மாற்றுதல் ஆகியவை வீட்டில் செய்யத் தக்கவை. ரேக்கைப் பிரித்தல், டிரம்மைக் கடைசல் பிடித்தல், துருப்பிடித்த பைப்பை மாற்றுதல், வீல் அலைன்மெண்ட் ஆகியவை ஒர்க்‌ஷாப் வேலை. டை ராடு எண்டை மாற்றினால் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றக் கூடாது. முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட வண்டிகள் நாகர்கோவிலில் டிஎன் 74, மார்த்தாண்டத்தில் டிஎன் 75 என்ற எண்வரிசைகளில் பதிவாகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, ஸ்டீயரிங் ப்ளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கின்றன. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் இது விளிம்பில் ஏறத்தாழ 10 செ.மீ. சட்டம் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு இது. ரேக்–பினியன் வண்டியில் இதில் கால்பங்கு ப்ளே தெரிந்தாலே எண்டுகளைப் பார்ப்பது முறை.