பந்தயத் தூரத்தை அளந்தது குதிரை

ஸஹீஹுல் புகாரீயில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் குதிரைப் பந்தய ஹதீஸை நாம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களின் முதல் கேள்வி, "ஹஜ்ரத், யார் ஜெயித்தது?" என்பதாகவே இருக்கும். அந்த அறிவிப்போ வென்றவரைப் பற்றிப் பேசவில்லை. ஓடிய தூரத்தையே பேசுகிறது.

'இழ்மார்' செய்யப்பட்ட குதிரைகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடச் செய்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் என்கிறார் ஸுஃப்யான் (ரஹ்). அப்பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. சுமார் ஒரு மைல். இழ்மார் என்பது குதிரைக்கு முதலில் தீவனத்தைப் பெருக்கி உடலைத் தேற்றி, பிறகு படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்து, தளர்ந்த சதையை இறுக்கும் முறை. நாட்கணக்கில் பொறுமை வேண்டும் வேலை அது. ஏறி அமர்ந்தவர்களின் ஆர்வத்தில் குறைவிருந்திராது. ஆயினும் குதிரையின் ஆயத்த நிலையைக் கொண்டே தூரம் வகுக்கப்பட்டது.

இன்றைய நெடுந்தூரக் குதிரையோட்டம் 1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. வெண்டெல் ரோபி என்பவரும் அவருடைய தோழர்களும் தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து ஆபர்ன் நகர் வரை 100 மைலை ஒரே நாளில் கடந்தனர். டெவிஸ் கோப்பை என்னும் அப்போட்டியில் பின்னர் ஹாகின் கோப்பையும் சேர்ந்தது. முதலில் வரும் பத்துக் குதிரைகளில் எது நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்கே அப்பரிசு.

இப்போட்டிகளில் வழியிடையே கால்நடை மருத்துவர்கள் குதிரையை நிறுத்திச் சோதிப்பர். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் இதயம் ஓட்டத்தில் பன்மடங்கு உயரும்; குறித்த நேரத்துக்குள் அது 64-க்கு இறங்க வேண்டும் என்பது சர்வதேச அளவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வரம்பு. ஈறின் நிறம், குடலின் ஓசை, நடையில் நொண்டல் ஆகியவற்றையும் பார்ப்பர். எல்லைக்கோட்டை முதலில் தொட்ட குதிரையும் இறுதிச் சோதனையில் நொண்டினால் நீக்கப்படும். ஆனால் ஒரு சோதனைக்கும் மறு சோதனைக்கும் இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம். அங்கே மருத்துவர் இல்லை; சவாரி செய்பவர் மட்டுமே இருக்கிறார். குதிரையோ கூட்டத்தோடு ஓடும்போது தன் வலியை மறைத்து ஓடும் இயல்புடையது. அடி சற்றுத் தவறுவதை முதலில் உணர்வது சேணத்தில் இருப்பவரின் உடல்தான். கடிவாளத்தை இழுப்பதா, இறங்கி நடப்பதா என்பது அவர் கையில் உள்ள அமானத்.

அந்த அமானத் பாழான கதை நமக்கு அந்நியமானதன்று. நம் குடும்பங்களில் பலருக்குச் சோறு போடும் நாடு என்பதால் அதைச் சொல்லாமல் விடுவதும் முறையாகாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சமதளப் பாலைவனப் பாதைகளில் வேகமே குறியானது. குதிரைகள் ஓட்டத்திலேயே கால் முறிந்து விழுந்தன. 2015-இன் தொடக்கத்தில் முன்னங்கால்கள் இரண்டும் முறிந்த ஒரு குதிரையின் படம் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அமீரகக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஜூலையில் உடன்பாட்டின் பேரில் அது நீக்கப்பட்டது.

குதிரை ஒருவருக்கு நற்கூலியாகவும், ஒருவருக்குத் திரையாகவும், பெருமைக்காக வளர்ப்பவருக்குப் பாவச்சுமையாகவும் ஆகும் என்னும் ஹதீஸின் கருத்தை அறிந்த சமுதாயம் நாம். சூரத்துல் ஆதியாத்தைச் சிறு பிள்ளைகளும் மனனம் செய்திருக்கிறார்கள். இருந்தும் நம்மவர் நாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு விளையாட்டு அமைப்பு வந்து தடை போட வேண்டியிருந்தது என்பது நம்மை வெட்கப்படச் செய்கிறது.

அதே அமீரகத்தில், அபுதாபியின் பூதீப் திடலில், வேறொரு முறையும் நடைமுறைக்கு வந்தது. அங்கே மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதிக்கப்பட்டது. இதயத்துடிப்பு 64-க்கு அன்று, 56-க்கு இறங்க வேண்டியிருந்தது. நல்ல உடல்நிலையில் திரும்பிய குதிரைகளுக்குப் பரிசும் வழங்கப்பட்டது.