இரும்பாலை வளர்த்த காற்பந்துக் குழு



உங்கள் வீட்டுப் பையனிடம், "எந்தக் குழுவுக்கு நீ ஆதரவு?" என்று கேட்டுப் பாருங்கள். மென்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், வெஸ்ட் ஹேம் என்று பதில் பட்டென்று வரும். "சரி, அந்தக் குழுவை ஆரம்பித்தது யாரு?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பேச்சு நின்றுவிடும்.

ஆரம்பித்தவர்கள் எல்லாரும் தொழிலாளிகள்தாம். 1878-இல் ரயில்வே பட்டறையில் வண்டி செய்து கொண்டிருந்தவர்கள் நியூட்டன் ஹீத் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் மென்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. 1886-இல் லண்டன் உல்விச்சில் பீரங்கி செய்யும் ஆயுதச் சாலைத் தொழிலாளிகள் தொடங்கியது ஆர்சனல். 1895-இல் தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டும் தொழிலாளிகள் தொடங்கியது இன்றைய வெஸ்ட் ஹேம். நம் கெப்பல் துறைமுகத்தில் இரும்புத் தகடும் கயிறுமாய் உழைத்த நம் பாட்டன்மாரைப் போன்றவர்களே அவர்கள் எனலாம்.

இப்படித் தொழிற்சாலையில் பிறந்த குழு ஒன்று அமெரிக்காவிலும் இருந்தது. ஒரு காலத்தில் அந்த நாட்டிலேயே அதை வெல்ல ஆள் இல்லை என்னும்படி ஆடிய குழு. இன்று அது இல்லை. அது ஏன் அழிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தோட்டப்புறத்திலே வளர்ந்தவர்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயமும் இதில் இருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்று ஓர் ஊர். 1741-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏசுநாதர் பிறந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெயர்தான் புனிதமான பெயர். ஊர் முழுக்க இரும்பு, எஃகு, புகை. பெத்லகேம் ஸ்டீல் என்ற மாபெரும் ஆலை அங்கே இருந்தது. அதன் தலைவர் சார்ல்ஸ் ஷ்வாப், கோடீசுவரர். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அந்த ஊருக்குக் காற்பந்தையும் கொண்டு வந்தார்கள். 1907-இல் அவர்களாகவே ஒரு குழு அமைத்தார்கள். முதல் ஆட்டத்தில் என்னாச்சு தெரியுமா? பதினொன்றுக்கு இரண்டு கோல் கணக்கில் தோல்வி! பரிசளிப்பு நாளில் பரிசு கிடைக்காத பிள்ளைகள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. அந்த ஆலையின் உள்ளே நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பலருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமையும் சும்மா விடமாட்டார்கள். சாதாரணக் கூலியாட்களுக்கு மணிக்குப் பன்னிரண்டரைக் காசு. பன்னிரண்டு மணி நேரம் முறிந்தால் கையில் ஒன்றரை டாலர். 1910 பிப்ரவரியில், ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம் என்று முறையிடப் போன மூன்று பேரை நிர்வாகம் வேலையை விட்டே நீக்கியது. அதன் பேரில் வேலைநிறுத்தம் வெடித்தது. 108 நாள் நீடித்தது. போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் மாண்டார். கடைசியில் தொழிலாளிகள் பெரிதாக ஒன்றும் பெறாமலே உள்ளே திரும்பிப் போனார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1913-இல், அதே நிறுவனம் பார்வையாளர் மேடையோடு ஓர் அருமையான விளையாட்டுத் திடலைக் கட்டிக் கொடுத்தது. 1914-இல் காற்பந்துக் குழுவைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, பெத்லகேம் ஸ்டீல் என்று தன் பெயரையே சூட்டியது. வேலைநிறுத்தத்துக்கும் திடலுக்கும் முடிச்சுப் போட்டு எழுதிய காகிதம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் கூலியை உயர்த்துவதை விடத் திடல் கட்டுவது மலிவு என்பது எந்த முதலாளிக்கும் தெரிந்த கணக்கு. அதற்காக எல்லாமே நாடகம் என்றும் சொல்லிவிட முடியாது. மேலதிகாரிகளில் ஒருவரான எட்கர் லூயிஸ் என்பவர் தாமே பந்து ஆடியவர். அவருக்கு அந்த ஆட்டத்தின் மேல் உண்மையிலேயே பிரியம்.

பணம் வந்த பிறகு கேட்கவா வேண்டும்! ஸ்காட்லாந்திலிருந்து கைதேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். ஆலையில் வேலையும் கொடுத்து ஆடவும் வைத்தார்கள். அமெரிக்காவின் தேசியக் கிண்ணத்தை 1915, 1916, 1918, 1919 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வென்றார்கள். 1916 இறுதியாட்டத்தில் ஃபால் ரிவர் என்ற நெசவாலை நகரத்துக் குழுவை ஒரே ஒரு பெனால்டி கோலில் தோற்கடித்தபோது, ரசிகர்கள் திடலுக்குள் பாய்ந்து அடிதடியே நடந்துவிட்டது. 1919-இல் சுவீடன், டென்மார்க் நாடுகளுக்குக் கப்பலேறிப் போனார்கள். 14 ஆட்டங்கள் ஆடியதில் தோற்றது இரண்டுதான்! ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் போன முதல் அமெரிக்கத் தொழில்முறைக் குழு இதுவே.

1924-இல் ஆர்ச்சி ஸ்டார்க் என்பவர் வந்து சேர்ந்தார். கிளாஸ்கோவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிவந்தவர். 1924-25 பருவத்தில் அவர் லீக் ஆட்டங்களில் 67 கோல்கள் போட்டார். அச்சுப்பிழை இல்லை, அறுபத்தேழுதான். 1926-இல் செயிண்ட் லூயிஸ் நகரத்துக் குழுவை ஏழுக்கு இரண்டு என்று நொறுக்கித் தேசியக் கிண்ணத்தை ஐந்தாம் முறை தூக்கினார்கள். அடுத்த பருவத்தில் லீக் பட்டமும் வந்தது.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. ஊர் சின்ன ஊர். டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்த கூட்டம் குறைவு. வசூல் செலவுக்குக் கட்டவில்லை. துண்டு விழுந்ததையெல்லாம் நிறுவனமே போட்டு நிரப்பியது. 1921-இல் குழுவை அப்படியே பிலடெல்பியா பெருநகருக்குத் தூக்கிக் கொண்டு போனார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் குழுவை இழந்தார்கள். அங்கே லீக் பட்டம் வென்றும் கூட்டம் சேரவில்லை. ஒரே ஆண்டில் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள். போவதும் வருவதும் யார் கையில் இருந்தது, பாருங்கள்.

1928-இல் லீக் நிர்வாகத்துக்கும் தேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் பெரும் சண்டை மூண்டது. தேசியக் கிண்ணத்தில் ஆடியதற்காக பெத்லகேம் குழுவை லீக்கிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். மறு ஆண்டே பங்குச் சந்தை சரிந்து, உலகம் முழுக்க மந்தம். 1930-இல் நிறுவனம் குழுவைக் கலைத்தது. ஐந்து தேசியக் கிண்ணம் வென்ற குழு, அத்தோடு முடிந்தது.

இப்போது வெஸ்ட் ஹேம் கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1900-இலேயே அது கப்பல் பட்டறையின் பெயரை விட்டுத் தனிக் கழகமாகப் பதிவு செய்துகொண்டது. 1912-இல் பட்டறை இழுத்து மூடப்பட்டது; குழு இன்றும் ஆடுகிறது. நியூட்டன் ஹீத் 1902-இல் கடனில் மூழ்கியபோது உள்ளூர் வியாபாரிகள் பணம் போட்டுக் காப்பாற்றிப் புதுப்பெயர் வைத்தார்கள். நம் இந்தியாவிலும் பெத்லகேம் கதையே திரும்ப நடந்தது. பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. மில் வளர்த்த குழு, ஐ.எம். விஜயன், பைச்சுங் பூட்டியா போன்றவர்கள் ஆட, 1996-97-இல் முதல் தேசிய லீக்கையே வென்றது. 2011-இல் மில் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டது. பம்பாயின் மகிந்திரா குழுவுக்கும் அதற்கு முந்திய ஆண்டு அதே கதிதான்.

தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் பந்து உதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திடல் துரை கொடுத்தது. தோட்டம் கைமாறியபோது திடலும் சேர்ந்துதானே போனது? ஃபேரர் பார்க்கில் ஆடியவர்கள் அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள். 1933-இல் குதிரைப் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனபின் அது ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆடுகளமாயிற்று.

பெத்லகேம் ஆலை? அந்த ஊரில் இரும்பு உருக்குவது 1995-இல் நின்றது. 2001-இல் நிறுவனம் திவாலானது. 2009-இல் அந்த நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி எழும்பியது. கட்டியது யார் என்கிறீர்கள்? மறு ஆண்டு நம் மரினா பேயில் மூன்று கோபுரம் எழுப்பித் திறந்த அதே சேண்ட்ஸ் நிறுவனம்தான்! 2015-இல் பிலடெல்பியா யூனியன் என்ற கழகம் தன் இரண்டாம் குழுவுக்கு பெத்லகேம் ஸ்டீல் என்ற பழைய பெயரைச் சூட்டியது. 2019-இல் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

1913-இல் கட்டிய திடல் மட்டும் இருக்கிறது. மொரேவியன் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே ஆடுகிறார்கள். ஆனால் அது நம் காற்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்.