வெப்பத்தை இறைத்த வரலாறு

குளிர்நாட்டுக் குடும்பம் ஒன்று பெருகுகின்றது. வீட்டின் பின்புறம் ஓர் அறையைப் புதிதாகச் சேர்த்துக் கட்டுகின்றார்கள். அமெரிக்க வீடுகள் பலவற்றில், நிலவறையில் உள்ள ஓர் உலை காற்றைச் சூடாக்கும். தகட்டுக் குழாய்கள் அக்காற்றை அறைதோறும் கொண்டு செல்லும். பழைய வீட்டுக்கென அளந்து அமைத்த அக்குழாய்களைப் புது அறைக்கும் நீட்டினால், ஏனைய அறைகளுக்குக் காற்றுக் குறையக்கூடும். அப்படியாயின் அவ்வறைக்கு எதனைத் தேர்வது? இச்சிறு வினாவுக்குப் பின்னே உள்ள நெடிய வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

வெப்பம் வேண்டுமாயின் எதையேனும் எரித்தாக வேண்டும் என்பதே மாந்தரின் நெடுநாளைய எண்ணம். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், 1852ஆம் ஆண்டில் வேறொரு வழியை எடுத்துரைத்தார். குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு. பள்ளத்து நீரை ஏற்றம் மேட்டுக்கு இறைப்பதுபோல, அவ்வெப்பத்தைப் பொறியொன்றால் வீட்டினுள் ஏற்றலாம் என்பதே அவர் கருத்து.

நிலக்கரிக்குப் பிறநாடுகளை நம்பியிருந்த சுவிட்சர்லாந்து இதனைச் செயலிற் காட்டியது. சூரிச் நகரில் லிம்மாட் ஆற்றையொட்டி, 1698இல் கட்டி முடிக்கப்பெற்ற மன்றம் ஒன்று உண்டு. அதன் அறைகளுக்கு வேண்டிய வெப்பத்தை, 1938இல் நிறுவிய வெப்பப் பம்பு ஆற்று நீரினின்றே எடுத்தளித்தது. அடுத்து வந்த உலகப்போரில் நிலக்கரி அரிதானபோது, அந்நாட்டில் இத்தகைய பொறிகள் மேலும் சில எழுந்தன.

இதனைச் சிறு வீடுகளுக்கு ஏற்றதாக்கியதில் ஜப்பானியர்க்குப் பெரும்பங்குண்டு. அவர்களுடைய மரவீடுகளில் காற்றுக்குழாய்கள் இல்லை; வீடு முழுவதையும் அன்றி, தாம் இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்குவதே மரபு. ஆகவே, பொறியை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியைச் சுவருக்கு வெளியிலும் மற்றொன்றை அறையினுள்ளும் வைத்தனர். இரண்டையும் இணைக்க மெல்லிய செப்புக்குழாய்களும், அவை நுழையச் சுவரில் ஒரு சிறு துளையும் போதும். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின் மின்சிக்கனம் இன்றியமையாததாயிற்று. 1981இல் தோஷிபா நிறுவனம், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் வீட்டுப்பொறியை வெளியிட்டது. இவ்வகைப் பொறி கோடையில் எதிர்த்திசையில் இயங்கி, அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும்.

இனித் தேர்வுக்கு வருவோம். மின்னடுப்பின் விலை குறைவு. ஆயினும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு வெப்பமே தரும். வெப்பப் பம்போ, மிதமான குளிரில் ஏறத்தாழ மூன்று பங்கு தரும். கடும் பனியில் இவ்வாதாயம் சுருங்கும், முதற்செலவும் மிகுதி. எந்தப் பொறியானாலும், சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசியாதபடி முதலில் காத்தல் வேண்டும். அதன்பின் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இப்பொறி வெப்பத்தைப் புதிதாக ஆக்குகின்றதா, இருப்பதை இறைத்துத் தருகின்றதா?